லிட்டருக்கு 27 கிலோமீட்டர் கொடுத்ததாம்! அண்ணாச்சி, ஏசி போட்டிருந்தீர்களா?

வண்ணார்பேட்டைவாசி:
நேற்று இந்தக் கார் மன்றத்தில் ஒரு அண்ணாச்சி எழுதியதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. 2013 மாருதி டிசையர் டீசல் வைத்திருக்கிறாராம், பின்னால் தனி டிக்கி உள்ள செடான் கார். பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவிலில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் வந்தாராம். 165 கிலோமீட்டர், 6.1 லிட்டர் டீசல், ஆக லிட்டருக்கு 27. கடைசியில் "பெட்ரோல் செடான் வாங்குகிறவன் காசு கனத்துப்போனவன்" என்று ஒரு குட்டு வேறு. நான் 2015 ஹோண்டா சிட்டி பெட்ரோல் வைத்திருக்கிறேன். என் காசின் கனம் என் வீட்டு விஷயம். எனக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். ஏசி போட்டிருந்தீர்களா?

பாளை 1248:
தம்பி, பெயரை விட்டுவிட்டு எழுதினால் ஆள் தெரியாமல் போய்விடுமா? நான்தான் எழுதினேன். இன்றும் அதையேதான் சொல்கிறேன். என் பெயருக்குப் பின்னால் இருக்கிற 1248 அந்த இன்ஜினின் சிசி. ஃபியட்காரன் வடிவமைத்தது. மாருதி, டாட்டா, ஃபியட் என்று மூன்று கம்பெனிக்காரனும் அதை வைத்தே இந்த நாட்டில் பிழைத்தான். 190 என்எம் டார்க், அதாவது இழுவிசை, 2000 ஆர்பிஎம்மிலேயே வந்துவிடும். ஐந்தாவது கியரில் போட்டு 75-இல் காலை வைத்தால் நாங்குநேரி டோல் வரைக்கும் கியர் பக்கம் கை போகாது. டைமிங் பெல்ட் மாற்றும் வேலையே கிடையாது, உள்ளே செயின். 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, கிளட்ச் ஒரே ஒரு தடவை மாற்றினேன். வருடச் செலவு பத்தாயிரத்தைத் தாண்டியதில்லை. 27 வந்தது. இனியும் வரும்.

வண்ணார்பேட்டைவாசி:
இன்ஜினின் தலவரலாறு கேட்கவில்லை. ஏசி போட்டிருந்தீர்களா என்று கேட்டேன்.

இன்னொன்று. 2012-இல் வந்த அந்த மாடல் டீசலுக்கு, வண்டிகளைச் சோதிக்கிற புனே ஆய்வுக்கூடமான ஏஆர்ஏஐ சான்று கொடுத்ததே லிட்டருக்கு 23.4. அதுவும் வண்டியை உருளை மேல் ஏற்றி, ஏசியை அணைத்து ஓட்டி எடுத்த கணக்கு. 2015-இல் முகம் மாற்றிய பிறகு 26.59 ஆனது. 2017 மாடலுக்கு 28.4. உங்கள் வண்டி 2013. ஆய்வுக்கூடத்தில் வராத நாலு கிலோமீட்டர் நாங்குநேரியில் எங்கிருந்து வந்தது?

பாளை 1248:
ஏஆர்ஏஐ சோதனை நின்று நின்று போகிற நகர ஓட்டத்தையும் சேர்த்துத்தான். நான் போனது நாலுவழிச் சாலை. ஒரே வேகம், ஒரே கியர். புனேயில் உருளை மேல் ஓட்டுகிறவனுக்கு என் காலைப் பற்றி என்ன தெரியும்? முப்பத்தைந்து வருடமாக ஓட்டுகிறேன் தம்பி. பிரேக்கை மிதிக்கிறவன்தான் டீசலைக் கொட்டுகிறான். முன்னால் போகிற பஸ்ஸை அரை கிலோமீட்டருக்கு முன்பே பார்த்துக் காலை எடுக்கத் தெரிய வேண்டும். உங்கள் தலைமுறைக்கு முட்டிப்போய் நிற்கத்தான் தெரியும்.

அம்பை ஓட்டுநர்:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது டொயோட்டா எட்டியோஸ் டீசல், 1364 சிசி, டாக்சி. 3,40,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அம்பாசமுத்திரம், பாபநாசம், தென்காசி, குற்றாலம் என்று தினமும் சாலையில்தான் கிடக்கிறேன். ஏசி போட்டு நாலு பேரை ஏற்றினால் 20. நல்ல நாளில் 21. ஏசி இல்லாமல் தனியாகத் திரும்பி வரும்போது 23 பார்த்திருக்கிறேன். 27 பார்த்ததில்லை. அண்ணாச்சி பொய் சொல்கிறார் என்று சொல்ல வரவில்லை.

பாளை 1248:
சொல்ல வரவில்லை என்று சொல்லியே சொல்லிவிட்டீரே. டாக்சி வண்டியையும் வீட்டு வண்டியையும் ஒரே தராசில் வைக்காதீர் வே. வாடகைக்கு ஓடுகிற வண்டியில் ஆயில் எப்போது மாற்றுகிறார்கள் என்று ஊருக்கே தெரியும்.

அம்பை ஓட்டுநர்:
ஆயிலா? பத்தாயிரத்துக்கு ஒரு தடவை, நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறேன். என் சோறு அந்த வண்டி. வீட்டு வண்டிக்காரர்கள்தான் "எங்கே ஓடியது" என்று ஒன்றரை வருடம் ஒரே ஆயிலில் ஓட்டுவார்கள். குற்றாலம் சீசனில் ஐந்து பேருக்கு ஐந்து பை, ஒரு பிளாஸ்க், ஒரு எண்ணெய்த் தூக்கு எல்லாம் என் டிக்கியில் போகும். 595 லிட்டர். உம்ம வண்டியில் போகுமா? நாலு மீட்டருக்குள் இருந்தால் கிடைக்கிற வரிச் சலுகைக்காக வாலை நறுக்கின வண்டி அது. முதலில் வந்த டிசையரில் 440 லிட்டர் டிக்கி இருந்தது, 2012-இல் 316 ஆக்கினார்கள்.

வண்ணார்பேட்டைவாசி:
அதைச் சொல்லுங்கள். 3,995 மில்லிமீட்டர் வண்டியைச் செடான் என்கிறோம். சிட்டி 4,440. டிக்கி 510.

பாளை 1248:
நீளத்தை வைத்துத்தான் மதிப்பு என்றால் லாரி வாங்கிக்கொள்ளுங்கள். டவுன் ரத வீதியில் ஆனித் தேரோட்டம் சமயத்தில் உங்கள் நாலரை மீட்டரைத் திருப்பிக் காட்டுங்கள் பார்ப்போம். நான் வாகையடி முக்கில் ஒரே ஒடிப்பில் திருப்புவேன்.

வள்ளியூர் பட்டறை:
மூன்று பேரும் எதை மைலேஜ் என்கிறீர்கள் என்றே எனக்குப் புரியவில்லை. ஒருவர் டேங்க் நிரப்பிப் போட்ட கணக்கு. ஒருவர் சான்றிதழ் கணக்கு. ஒருவர் நோட்டுக் கணக்கு.

6.1 லிட்டரை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. டீசல் நுரைக்கும். பங்கில் துப்பாக்கி தானாக நிற்கிற இடம் ஒவ்வொரு தடவையும் மாறும். வண்டி கொஞ்சம் சாய்ந்து நின்றாலே அரை லிட்டர், ஒரு லிட்டர் வித்தியாசம் வரும். 6.1 என்பது 6.6 ஆக இருந்தால் 25. 7.1 ஆக இருந்தால் 23. நாலைந்து டேங்க் சேர்த்துக் கூட்டிப் பார்த்தால்தான் கணக்கு நிற்கும். சரி, என்றைக்குப் போனீர்கள்? காற்று காலமா?

பாளை 1248:
ஆடி மாதம். அதனால்தான் சொல்கிறேன், ஆடிக் காற்றில் கண்ணாடியை இறக்கிவிட்டால் குளுகுளு என்று இருக்கும், ஏசி எதற்கு?

வண்ணார்பேட்டைவாசி:
ஆ! வந்தது பாருங்கள். ஏசி போடவில்லை. நேற்று ஏன் அதை எழுதவில்லை?

பாளை 1248:
போடவில்லை என்று நான் எங்கே எழுதினேன்? எதற்கு என்று கேட்டேன். கேள்விக்கும் பதிலுக்கும் வித்தியாசம் தெரியாதவனோடு எப்படிப் பேசுவது?

மேலப்பாளையத்தான்:
ஒரு நிமிடம். ஆடியில் கல்யாணமா?

பாளை 1248:
கிறிஸ்தவக் கல்யாணம். சர்ச்சில் ஓலை வாசித்து, அதாவது கல்யாண அறிவிப்புச் சொல்லி, நாள் குறித்து நடத்தினார்கள். ஆடி, மார்கழி எல்லாம் அவர்களுக்கு எதற்கு? பத்திரிகை இன்னும் வீட்டில் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்த்துக்கொள்ளும். உமக்கு என் மேல் வேறு கோபம். அதை நேராகச் சொல்லும்.

மேலப்பாளையத்தான்:
நேராகவே சொல்கிறேன். 2024 தை மாதம் உம்ம பேச்சைக் கேட்டுத்தான் நான் பழைய செடான் ஒன்று வாங்கினேன். "இன்ஜின் சத்தம் நன்றாக இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்கும்" என்றீர். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கினால் தாமிரபரணி வண்டல் விரலளவுக்குக் கிடந்தது. வயரிங் மட்டும் இருபத்தேழாயிரம். உமக்கு எதிலுமே 27 ராசி போல.

பாளை 1248:
கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னேனா இல்லையா?

மேலப்பாளையத்தான்:
வாங்கின பிறகு சொன்னீர்.

வள்ளியூர் பட்டறை:
அந்த மழைக்குப் பிறகு இரண்டு மாதம் பட்டறையில் இடம் இல்லை. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே என்று தொண்டை கிழியச் சொன்னோம். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், சாவியைத் திருப்பின உடனே கனெக்டிங் ராட் வளைந்துவிடும். இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாகப் பணம் கட்டாதவர்களுக்கு இன்சூரன்ஸிலும் கைவிரித்தார்கள். சரி, அது வேறு கதை.

காற்றுக்கு வருகிறேன். ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று மேற்கிலிருந்து வரும். பணகுடி தாண்டி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே போகும்போது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். அந்தப் பக்கம் போனால் எதிர்காற்று.

பாளை 1248:
போகும்போது எதிர்காற்று, வரும்போது பின்காற்று. சரிக்குச் சரி. முடிந்தது கணக்கு.

வள்ளியூர் பட்டறை:
முடியவில்லை அண்ணாச்சி. என் பையன் மெக்கானிக்கல் படிக்கிறான், அவன் போட்டுக் காட்டினான். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். நீங்கள் 80-இல் போகிறீர்கள், காற்று 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது 110-க்கு உண்டான தடை, வரும்போது 50-க்கு உண்டானது. 110-இன் வர்க்கம் 12,100, 50-இன் வர்க்கம் 2,500. சராசரி 7,300. காற்றே இல்லாமல் போனால் 6,400. ஆக, போய் வந்தால் நஷ்டம்தான். இதில் கண்ணாடியையும் இறக்கிவிட்டால் தடை இன்னும் கூடும்.

வண்ணார்பேட்டைவாசி:
பட்டறைக்காரருக்கு என் செலவில் ஒரு டீ. அப்படியானால் 27 வருவதற்கு வழியே இல்லை. ஏசி போட்டிருந்தால் அதற்கும் மேலே இல்லை. அண்ணாச்சி, போட்டீர்களா, இல்லையா? ஒரே வார்த்தை.

பாளை 1248:
பையனைப் பாடத்தை ஒழுங்காகப் படிக்கச் சொல்லும். நான் 80-இல் போனேன் என்று யார் சொன்னது? 75.

உம்ம பெட்ரோலைப் பற்றிப் பேசுவோமா தம்பி? இப்போது பங்கில் ஊற்றுவது பெட்ரோலா, கரும்புச் சாறா? நூற்றுக்கு இருபது எத்தனால். எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அந்தக் கணக்கில் உம்ம மைலேஜில் ஆறேழு சதவீதம் காற்றிலேயே போயிற்று. ஆரல்வாய்மொழிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை, வண்ணார்பேட்டை ரவுண்டானாவிலேயே போயிற்று. என்ன கொடுக்கிறது இப்போது? சொல்லும்.

வண்ணார்பேட்டைவாசி:
ஊருக்குள் 11. நாலுவழிச் சாலையில் 15 கொடுத்தது, இப்போது 14. ஏசியோடு. நான் எழுதும்போதே "ஏசியோடு" என்று சேர்த்து எழுதிவிட்டேன், கவனித்தீர்களா? 119 குதிரைத்திறன். நாலு பேரோடு ஏசி போட்டுக்கொண்டே கயத்தாறு பக்கம் லாரியை முந்தலாம். உங்கள் டீசலின் டர்போ வேகம் பிடித்து விழிக்கிற வரைக்கும் சாமி கும்பிட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

அம்பை ஓட்டுநர்:
ஒரு சின்னக் கணக்கு. வருடம் 8,000 கிலோமீட்டர் ஓட்டினால், டீசல் 92 ரூபாய் என்று வைத்தால், 22-க்கும் 27-க்கும் வித்தியாசம் ஆறாயிரத்துச் சொச்சம். மாதம் ஐந்நூறு. அதற்கா காலையிலிருந்து இத்தனை பேச்சு?

பாளை 1248:
ஆறாயிரம் உமக்குச் சும்மாவா? நான் பென்ஷன்காரன்.

மேலப்பாளையத்தான்:
பென்ஷன்காரர் கணக்கையே பார்ப்போம். வருடச் செலவு பத்தாயிரத்தைத் தாண்டவில்லை என்றீர். 1000-த்திலிருந்து 1500 சிசி வரைக்கும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் 3,416. ஜிஎஸ்டியோடு நாலாயிரம். மீதி ஆறாயிரத்தில் சர்வீஸ், டயர், பேட்டரி, அலைன்மென்ட் எல்லாம் முடிந்துவிட்டதா?

பாளை 1248:
இன்சூரன்ஸ் வண்டிச் செலவில்லை, சட்டத்துக்குக் கட்டுகிற தண்டம். டயர் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை, அதை ஒரு வருடத்தில் எழுதக் கூடாது. பேட்டரி என் மகன் வாங்கிக் கொடுத்தான்.

அம்பை ஓட்டுநர்:
கிளட்ச்?

பாளை 1248:
அது 2019. பழைய கதை.

வண்ணார்பேட்டைவாசி:
இன்சூரன்ஸ் கிடையாது, டயர் கிடையாது, பேட்டரி மகன் கணக்கு, கிளட்ச் பழைய கதை. இப்படிப் பார்த்தால் என் சிட்டிக்கும் செலவே இல்லை, என் மனைவிதான் கார்டைத் தேய்க்கிறாள். இதே கணக்கில்தான் அந்த 6.1 லிட்டரும் வந்திருக்கும்.

பாளை 1248:
வீட்டுப் பொம்பளைகளை ஏன் இழுக்கிறீர்? சரி, நேராகவே வாரும். கேடிசி நகர் பங்கில் இரண்டு வண்டியையும் நிறுத்தி, கழுத்து வரைக்கும் நிரப்புவோம். ஆரல்வாய்மொழி வரைக்கும் போய்த் திரும்புவோம். அதே பங்கு, அதே துப்பாக்கி. பட்டறைக்காரர் சாட்சி.

வண்ணார்பேட்டைவாசி:
தயார். ஏசியோடு.

பாளை 1248:
என் வண்டிக்கு என் விருப்பம். உமக்கு ஏசி வேண்டுமானால் உம்ம வண்டியில் போட்டுக்கொள்ளும்.

வள்ளியூர் பட்டறை:
காற்று நிற்கட்டும், புரட்டாசி கழித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் என்னால் வர முடியாது.

பாளை 1248:
புரட்டாசி கழிந்தால் ஐப்பசி, அடைமழை. ஈரச் சாலையில் கணக்கு எடுத்துவிட்டு அதையும் இவர் குறை சொல்வார். டோல் யார் கட்டுவது என்பதையும் இப்போதே பேசிவிடுவோம். சவால் விட்டது நான் இல்லை, கேள்வி கேட்டவர்தான் கட்ட வேண்டும்.

வண்ணார்பேட்டைவாசி:
சவால் விட்டது நீங்கள்தான். மேலே இருக்கிறது, ஏறிப் படித்துப் பாருங்கள்.

மேலப்பாளையத்தான்:
நானும் என் வண்டியை எடுத்து வரவா? வண்டல் இன்னும் கொஞ்சம் பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அந்த எடைக்கு எத்தனை கிலோமீட்டர் கழிப்பீர்கள் என்று பட்டறைக்காரர் முதலிலேயே சொல்லிவிட்டால் நல்லது.

பாளை 1248:
உம்மை யாரும் கூப்பிடவில்லை வே.