பிரிவு 2(16): ‘கோர்சிங்’குக்கு ஒரு சொல்

க.: நண்பர்களே, வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கான பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘வேட்டை’க்கு வரையறை தரும் இடத்தில் தமிழ்ச்சொல் தேடி மாட்டிக்கொண்டேன். பிடித்தல், கோர்சிங், ஸ்னேரிங், டிராப்பிங், டிரைவிங், இரை வைத்தல் எல்லாம் வேட்டை, முயன்றாலே வேட்டைதான். ஸ்னேருக்குக் கண்ணி, டிராப்புக்குப் பொறி. கோர்சிங்குக்கு ‘விரட்டல்’ போதுமா?

மு.: போதாது. அப்புறம் டிரைவிங்கை என்ன செய்வீர்கள்? கோர்சிங்கில் நாய் மோப்பம் பிடித்துப் போவதில்லை, கண்ணால் கண்டு துரத்துகிறது. எங்கள் பக்கம் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்கள் முயலுக்குப் பின்னால் ஓடியது அப்படித்தான். டிரைவிங் என்பது ஒளிந்திருப்பதைக் கிளப்பி, காத்திருப்பவன் பக்கம் தள்ளுவது. இங்கிலாந்தின் 2004 சட்டத்தில் முயல் கோர்சிங்குக்கு முழுத் தடை; சுடுவதற்காகப் புதரிலிருந்து கிளப்ப மட்டும், நிபந்தனைகளோடு, இரண்டு நாய் வரை விடலாம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் அந்த விலக்கைத் தமிழில் எழுதவே முடியாது.

பு.: ‘ஞமலி வேட்டம்’, அதாவது நாய் வேட்டை, இருக்கக் கவலை ஏன்? “பகுவாய் ஞமலியொடு பைம்புதல் எருக்கி” என்கிறது பெரும்பாணாற்றுப்படை. ஞமலி, ஞாளி, நாய் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

மு.: ஐயா, அடுத்த அடியையும் பாருங்கள், “தொடர்வலை மாட்டி”. நாய் புதரைக் கலைக்கிறது, முயல் வலையில் சிக்குகிறது. அது டிரைவிங். உங்கள் சான்று எனக்கு ‘கலைத்தல்’ என்ற சொல்லைத்தான் தருகிறது.

வ.: குற்ற அறிக்கையில் ‘ஞமலி’ என்று எழுதினால் நீதிமன்றத்தில் யார் பொருள் சொல்வது? கண்ணியும் வேண்டாம், கண்ணிவெடி நினைவுக்கு வரும். பைக் கிளட்ச் ஒயரை முடிந்து காட்டுப்பன்றித் தடத்தில் கட்டியிருப்பதைக் காவலர்கள் ‘சுருக்கு’ என்றுதான் சொல்கிறார்கள்.

க.: சரி. சுருக்கு, பொறி, கலைத்தல். கோர்சிங்குக்கு ‘நாய்விட்டுத் துரத்தல்’. பெரும்பாலோர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன், எனக்கும் தூக்கம் வருகிறது.

பு.: அது கலைச்சொல் அன்று, விளக்கவுரை. என் மறுப்பைப் பதிவு செய்க.

வ.: பதிந்தாயிற்று. இன்னொன்று: பிரிவு 2(35)-இல் ‘ஆயுத’ப் பட்டியலில் வலை, சுருக்கு, பொறி எல்லாம் பெயர் சொல்லி வருகின்றன, நாய் வரவில்லை. அப்படியானால் பிடிபட்ட நாயைப் பறிமுதல் மகஜரில் எந்தத் தலைப்பில் எழுதுவது?