பழங்கால நாணயத்தை முத்திரையிட்ட ஸ்லாபிலிருந்து வெளியே எடுக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நெடுங்காலமாக நவீன நாணயங்களை மட்டுமே சேகரித்து வந்த நான், கடந்த ஆண்டு இரண்டு ரோமானிய நாணயங்களை வாங்கினேன். ஒன்று பேரரசர் திபேரியஸ் ஆட்சிக்கால (கி.பி. 14–37) டெனாரியஸ் என்னும் வெள்ளிக்காசு; மற்றொன்று பேரரசர் அந்தோனினஸ் பயஸின் தலை பொறித்த செஸ்டெர்டியஸ் என்னும் செப்புக் கலவைக் காசு. இரண்டுமே தரம் குறிக்கப்பட்டு, ஸ்லாப் எனப்படும் கடினமான பிளாஸ்டிக் உறைக்குள் முத்திரையிடப்பட்ட நிலையில் வந்தன. எத்தனையோ கைகள் மாறிப் புழங்கிய காசைக் கண்ணாடிக்கு அப்பால் வைத்துப் பார்ப்பது எனக்கு நிறைவாக இல்லை. ஆயினும் உறையை உடைத்தால் சான்றும் மதிப்பும் போய்விடுமோ என்ற தயக்கம் இருக்கிறது. மேலும், செஸ்டெர்டியஸில் பேரரசரின் கழுத்துக்குக் கீழே வெளிர்பச்சையாக ஒரு புள்ளி தெரிகிறது. வாங்கியபோது அது இருந்ததாக நினைவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1

ஸ்லாப் என்பது முதலில் நவீன நாணயங்களுக்காக உருவானது. அச்சிட்ட பளபளப்பு கெடாத நாணயத்தில் விரல்ரேகை ஒன்று பட்டாலும் மதிப்பு குறைந்துவிடும் என்பதால், அங்கே அது பொருத்தமான ஏற்பாடு. மண்ணுக்குள் பல நூற்றாண்டுகள் கிடந்து, தோண்டி எடுக்கப்பட்டுச் சுத்தமும் செய்யப்பட்ட ஒரு டெனாரியஸுக்கு, உலர்ந்த கையால் விளிம்பைப் பிடித்துப் பார்ப்பதனால் ஒரு கேடும் வராது.

நான் எடுக்கச் சொல்வதற்கு முக்கியக் காரணம் விளிம்புதான். வார்ப்புப் போலியின் இணைப்புக் கோடும், அதை மறைக்க அரம் போட்ட தடமும், செம்பின்மேல் வெள்ளித்தகடு போர்த்திய பழங்காலக் கள்ளக்காசின் பிளவும் பெரும்பாலும் விளிம்பில்தான் தெரியும். என்னிடம் இருந்த, உங்களுடையதன் காலத்தை ஒட்டிய ஒரு டெனாரியஸ், சான்றுச்சீட்டில் குறை ஏதும் குறிக்கப்படாமல் வந்தது. வெளியே எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, ஸ்லாபுக்குள் காசைப் பிடித்திருந்த வெள்ளை வளையம் மறைத்திருந்த இடத்தில் கடுகளவு செம்பு தெரிந்தது. அதைச் சுற்றி வெள்ளித்தோல் சற்றே உப்பியிருந்தது. சீட்டில் எடை 3.1 கிராம் என்று இருந்ததை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அக்காலத்து நல்ல டெனாரியஸ் பொதுவாக 3.6 கிராமுக்கு மேல் நிற்கும். தேய்ந்தவை குறையலாம் என்றாலும், என்னுடையது அவ்வளவு தேய்ந்த காசு அன்று.

பதில் 2

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆனால் வெள்ளி நாணயங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கருதக் கூடாது. நெடுங்காலம் புதைந்திருந்த வெள்ளி, உள்ளே படிகம் படிகமாக மாறி நொறுங்கும் தன்மை அடைந்துவிடுவதுண்டு. பார்வைக்குத் திடமாகத் தோன்றும் அந்தக் காசு, மேசையிலிருந்து விழுந்தால் பிஸ்கட்டைப் போல இரண்டாகிவிடும். முறிந்த இடம் சர்க்கரைக் கட்டியைப் போல மங்கலாகவும் மணல்மணலாகவும் இருக்கும். மேற்பரப்பில் மயிரிழை வெடிப்புகள் வலைபோலத் தெரிந்தால், அதை உறையிலேயே விட்டுவிடுவது நல்லது. உறையை உடைக்கும்போது ஏற்படும் அழுத்தமே அதற்குப் போதும்.

சான்றைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. நாணயங்களுக்குத் தரச்சான்று வழங்கும் என்ஜிசி நிறுவனம் பழங்கால நாணயங்களுக்குப் பொதுத் தரத்தோடு, அச்சுக்கும் மேற்பரப்புக்கும் தனித்தனியே 5-க்கு மதிப்பெண் தருகிறது. ஆனால் நவீன நாணயங்களுக்குத் தரும் உத்தரவாதத்தைப் பழங்கால நாணயங்களின் உண்மைத்தன்மைக்குத் தருவதில்லை. அது தேர்ந்தவர்களின் கருத்து. அந்த அளவில் மதிக்கத்தக்கது. விரைவில் விற்கும் எண்ணம் இருந்தால், புதிய வாங்குநர்கள் அந்தக் கருத்துக்கு விலை கொடுப்பார்கள் என்பதால் உறையோடு வைத்திருப்பதே லாபம்.

பதில் 3

டெனாரியஸ் காத்திருக்கலாம்; செஸ்டெர்டியஸ் காத்திருக்காது என்று அஞ்சுகிறேன். நீங்கள் சொல்லும் புள்ளி வெண்கல நோயாக இருக்கலாம். செப்புக்காசில் படியும் நல்ல களிம்பு கெட்டியாகவும் வழவழப்பாகவும் இருக்கும். நோயோ வெளிர்பச்சைத் தூளாக, குத்தினால் உதிரும். உலோகத்துக்குள் தங்கிய குளோரைடு, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து அமிலத்தை உண்டாக்க, அந்த அமிலம் மீண்டும் செம்பைத் தின்னும். இந்தச் சுழற்சி தானாக நிற்பதில்லை. ஸ்லாப் காற்றுப்புகாத பெட்டி அன்று. ஈரம் உள்ளே போகும், சிகிச்சைதான் உள்ளே போக முடியாது. தாமதிக்காமல் எடுத்து, பல்குச்சியால் தூளை நீக்கி, வாலை வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, நீரை அடிக்கடி மாற்றுங்கள். பிறகு நன்றாக உலர்த்தி, ஈரப்பதம் 40 சதவீதத்துக்கும் கீழே உள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

பதில் 4

எடுப்பதென்று முடிவு செய்தால் முறையாக எடுங்கள். முதலில் இருபுறமும், சீட்டின் எண் தெளிவாகத் தெரியுமாறு படமெடுங்கள். சீட்டை எக்காரணம் கொண்டும் தூக்கி எறியாதீர்கள், நாணயத்தின் வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, ஸ்லாபைத் தடித்த துணியில் சுற்றி, மூலைகளை மட்டும் வெட்டுக்குறடால் மெதுவாக நெருக்குங்கள். சுத்தியல் வேண்டவே வேண்டாம். மூலை வெடித்ததும் பொருத்துவாயில் தட்டையான திருப்புளியை நுழைத்தால் இரு பாதிகளும் பிரியும். கீழே மடித்த துண்டை விரித்திருங்கள். பின்னர் வைப்பதற்குப் பிவிசி கலந்த மென்மையான உறைகளைப் பயன்படுத்தாதீர்கள்; அவை வெளியிடும் அமிலம் காசின்மேல் பச்சைப் பிசுக்காகப் படியும். பிவிசி கலக்காத மைலார் (பாலியெஸ்டர்) உறை போதுமானது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு செஸ்டெர்டியஸை மட்டும் எடுத்தேன். பல்குச்சி பட்டதும் அந்தப் புள்ளி மாவாக உதிர்ந்து, அடியில் ஊசிமுனை அளவு குழி தெரிந்தது. இன்னும் ஆழமாகப் போகவில்லை என்பதில் பெரும் ஆறுதல். விளிம்பு வட்டமாக இருக்கும் என்று எண்ணியிருந்தேன். இரண்டு பக்கங்களில் சற்றுச் சப்பையாகவும், ஓரிடத்தில் அன்று அச்சடித்தபோது விண்ட வெடிப்போடும் இருக்கிறது. நீரில் இடும் முன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் அமர்ந்திருந்தேன். டெனாரியஸின் எடை சீட்டில் 3.7 கிராம் என்று உள்ளது. வெடிப்புகள் ஏதும் தெரிகின்றனவா என்று பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகே அதைத் தொடுவேன். இன்று காலை முதல் முறையாக நீரை மாற்றினேன்.