ஓவிய அறையில் மிஞ்சும் துண்டுகளில் வாழ்த்து அட்டை: எங்கள் அனுபவங்கள்

வாட்டர்கலர் வகுப்பு நடத்துபவர், சென்னை

சாயங்காலம் வகுப்பு முடிந்து குப்பைத்தொட்டியைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். 22க்கு 30 அங்குல முழுத் தாளை நான்காக வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) பருத்தித் தாள், விலை அதிகம். ஓரம் நறுக்குவதில் கொஞ்சம் போகும், பிடிக்காத படம் என்றால் முழுசாகவே போகும். கடையில் விற்கிற வாழ்த்து அட்டைகளில் இவ்வளவு நல்ல தாளை நான் பார்த்ததில்லை. அதனால் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி வைத்தேன். கிழிக்காதீர்கள், இதில் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பத்தாவது படிக்கும் பெண் ஒருத்தி மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை வரைந்தாள். விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. கண்ணில் நீர் முட்ட அதைப் பெட்டியில் போட வந்தாள். எல் வடிவத்தில் வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகளைச் சட்டம்போலப் பிடித்து, படத்தின் மேல் மெதுவாக நகர்த்திப் பார்க்கச் சொன்னேன். கோயிலைத் தாண்டி மேலே போனதும் அவள் கை நின்றது. ஈரத் தாளில் நீலமும் காவியும் ஒன்றுக்குள் ஒன்று ஓடிப் படிந்த இடம் அது. கவனமெல்லாம் கோயிலின் மேல் இருந்தபோது பயமில்லாமல் போட்ட வானம். நான்கு விரல் அகலம் இருக்கும். "மிஸ், இது நான் போட்டதா?" என்று கேட்டாள்.

அதை வெட்டி ஒட்டி, கும்பகோணத்தில் இருக்கும் தாத்தாவுக்குப் பொங்கல் வாழ்த்தாக அனுப்பினாள். அணைக்கரைப் பக்கம் மழைக்கு முன்னால் வானம் இப்படித்தான் இருக்கும் என்று அவர் அஞ்சலட்டையில் பதில் எழுதியிருந்தார். நாங்கள் கடலுக்கு மேல் பார்த்த வானத்தை அவர் கொள்ளிடத்துக்கு மேல் பார்த்திருக்கிறார். அந்த அஞ்சலட்டையை வகுப்பில் எல்லோரும் வாங்கிப் படித்தார்கள். அடுத்த வாரமே பெட்டி நிறையத் தொடங்கியது.

அதிலிருந்து ஒரு விஷயத்தில் நான் பிடிவாதம். ஒரு அட்டைக்கு ஒரு துண்டு. சுற்றிலும் வெள்ளை இருக்கட்டும். ஜிகினா, ரிப்பன், பிளாஸ்டிக் முத்து எதுவும் வேண்டாம். ஒரு நல்ல வண்ணத் துண்டு தனியாக நின்றால்தான் கண் அதில் தங்கும்.

வேலை எளிது. ஏ4 அளவுத் தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் அட்டை. கனமான தாளை அப்படியே மடித்தால் மடிப்பில் நார் உடைந்து அசிங்கமாகத் தெரியும். முதலில் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்தத் திசையில்தான் நார் ஓடுகிறது, மடிப்பும் அதே திசையில் வர வேண்டும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் ஸ்கேல் வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டு மடித்தால் சுத்தமாக மடியும். ஃபெவிகாலைத் தாராளமாகத் தடவினால் தாள் நெளிந்துவிடும். ஓரங்களில் மட்டும் இருபக்க டேப் ஒட்டினால் போதும்.

ஒரு மாணவனின் அப்பா வந்து, "ஓவியம் கத்துக்கத்தானே அனுப்பினேன், இது கிராஃப்ட் வேலை இல்லையா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பற்றிச் சொன்னேன். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் அதைத் தொடங்கினார்கள். பாட்டிக் (மெழுகு பூசிச் சாயமேற்றும் துணி வேலை) போன்ற கைவினைப் பொருட்கள் செய்து விற்ற வருமானம்தான் அவர்களைத் தாங்கியது. கைவேலை செய்ததால் அவர்கள் ஓவியம் குறைந்துபோகவில்லை. அந்த அப்பா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். போகும்போது மகன் செய்த ஒரு அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஃபிரேம் கடைகளையும் விடாதீர்கள். படத்தைச் சுற்றி வரும் மவுண்ட் போர்டில் ஜன்னல் வெட்டும்போது நடுத்துண்டு மிஞ்சும். "அண்ணே, அதை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "தூக்கித்தான் போடுவோம், எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர். மடிக்க முடியாத கனம், ஆனால் மடிக்காத ஒற்றை அட்டைக்கு அதைவிட நல்ல அடித்தளம் கிடையாது. இப்போது எனக்காகவே நிறம் பிரித்து எடுத்து வைக்கிறார்.

லினோ அச்சு பழகுபவர், கோயம்புத்தூர்

லினோலியம் தகட்டில் படத்தைச் செதுக்கி, மை உருட்டித் தாளில் அச்சு எடுப்பவர்கள் நாங்கள். எங்களிடம் மிஞ்சுவது வேறு மாதிரி. ரோலரில் ஒட்டியிருக்கும் மையைத் துடைக்கப் பழைய செய்தித்தாளில் உருட்டுவோம். மைக்கு அடியில் தமிழ் எழுத்துகள் பாதி தெரிந்தும் பாதி மறைந்தும் நிற்கும். அதில் பானை வடிவம் வெட்டி ஒட்டினேன். பக்கத்து வீட்டுப் பாட்டிம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பானைக்குள் இருந்த செய்தியை முழுக்க வாசித்துவிட்டுத்தான் வாழ்த்தையே பார்த்தார்! செய்தித்தாள் சீக்கிரம் மஞ்சளாகிவிடும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பத்திரமாக வைக்க வேண்டிய அட்டைக்கு அதை எடுக்காதீர்கள்.

அக்ரிலிக் போடுகிறவர்கள் பலகையில் காய்ந்த படலத்தை உரித்தெடுத்து ஒட்டலாம், அழகாக இருக்கும். ஆனால் இரண்டு அட்டைகளை முகத்தோடு முகம் அடுக்கினால் ஒட்டிக்கொள்ளும், இடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். ஆயில் பெயின்ட் துண்டுகள் வேண்டவே வேண்டாம். எண்ணெய் தாளில் ஊறி உறை வரைக்கும் வந்துவிடும்.

தஞ்சாவூர் ஓவியம் வரையும் குடும்பத்திலிருந்து

சித்தப்பா வேலை செய்யும்போது தங்க ரேக்கின் (படத்தில் ஒட்டும் மெல்லிய தங்கத் தகடு) நறுக்குகளைக் கீழே சிந்தவிட மாட்டார். ஒரு டப்பாவில் சேர்ப்பார். அதிலிருந்து நகக்கண் அளவு நறுக்குகளைக் கேட்டு வாங்கி, கரும்புத் தோகையின் நுனியில் மட்டும் வைத்து அட்டை செய்தேன். முதல் அட்டையை அவருக்கே கொடுத்தேன். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். "மடிப்புக்கு மேல வெக்காதேம்மா, விரிஞ்சிடும்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் டப்பாவை என் மேஜைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் பொங்கல் வாழ்த்து உறையை ஒட்டாமல், மடிப்பை உள்ளே செருகி, குறைந்த தபால் செலவில் அனுப்புவோம். இந்த அட்டைகளை அப்படி அனுப்பினால் உரசிப் பாழாகும். நன்றாக ஒட்டியே அனுப்புங்கள். முதல் பதிவில் சொன்ன 300 ஜிஎஸ்எம் தாளில் ஏ4 பாதி 10 கிராமுக்குள்தான் வரும். உறையும் ஒட்டிய துண்டும் சேர்ந்தாலும் பெரும்பாலும் 20 கிராமைத் தாண்டாது, சாதாரணத் தபாலின் முதல் கட்டணத்திலேயே போய்விடும். மேடாக ஏதாவது ஒட்டியிருந்தால் தபால்பெட்டியில் போடாமல் கவுண்டரில் கொடுத்து, மேட்டின் மேல் முத்திரை விழாமல் பார்த்துக் குத்தச் சொல்லிக் கேளுங்கள். எங்கள் ஊரில் கேட்டால் செய்கிறார்கள்.