டாட்டும் பிக்சலும்: இரண்டுக்கும் ஒரே ‘புள்ளி’ போதுமா?

வணக்கம்.

நம் குழு தமிழில் எழுதிவரும் அலுவலக அச்சுப்பொறிக் கையேட்டில் வலைப்பின்னல் பகுதிக்கான சொற்கள் ஏறக்குறைய முடிந்துவிட்டன. ‘அச்சு வரிசை’, ‘பகிர்ந்த அச்சுப்பொறி’ இரண்டையும் யாரும் மறுக்கவில்லை, அப்படியே இருக்கட்டும். படப் பகுதிதான் எனக்கு உறுத்துகிறது. வரைவில் பிக்சலையும் புள்ளி என்கிறோம், டாட்டையும் புள்ளி என்கிறோம். இதை மாற்றியே ஆக வேண்டும்.

போன வாரம் எங்கள் அலுவலகத்தில் ஓர் அம்மா, வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படம் ஒன்றை ஏ4 தாள் முழுக்கப் பெரிதாக்கி அச்செடுத்தார். முகமெல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. “இது 1200 டிபிஐ மெஷின்தானே சார், அப்புறம் ஏன் இப்படி?” என்று கேட்டார். டிபிஐ என்பது ஓர் அங்குலத்தில் பொறி எத்தனை டாட் வைக்கும் என்ற கணக்கு. நியாயமான கேள்விதான். நம் வரைவை அவர் கையில் கொடுத்தால் பதில் கிடைக்காது. ‘படத்தில் புள்ளி குறைவு, பொறியில் புள்ளி அதிகம்’ என்று படித்துவிட்டு இன்னும் குழம்பியிருப்பார்.

இரண்டும் வேறு வேறு பொருள்கள். பிக்சல் என்பது கோப்புக்குள் இருக்கும் ஒரு நிற மதிப்பு. அதற்கென்று நீளம் அகலம் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். ஆக ஒரே பிக்சல் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்களில் ஏதாவது ஒன்றாக இருக்கலாம். டாட் அப்படியல்ல. அது தாளில் ஒட்டும் டோனர் துளி. கருப்பு லேசர் பொறியில் அந்த இடத்தில் கருப்பு உண்டு, அல்லது இல்லை. சாம்பல் நிறத்தில் டோனரே கிடையாது. அந்த அம்மாவின் படத்தில் குறைவாக இருந்தது பிக்சல். பொறியில் டாட் எவ்வளவு இருந்தாலும் அந்தக் குறை தீராது.

அப்படியானால் சாம்பல் எப்படி வருகிறது? பல டாட்டுகளை ஒரு சிறு கட்டமாகச் சேர்த்து, அதில் எத்தனையை நிரப்புவது என்பதை வைத்துத்தான். 8-க்கு 8 கட்டம் என்றால் 64 டாட். வெறும் வெள்ளையையும் சேர்த்து 65 சாயல்கள். எளிய கணக்கில், 600 டிபிஐ பொறியில் இப்படிப்பட்ட கட்டங்கள் ஓர் அங்குலத்துக்கு 75தான் அமையும். பழைய செய்தித்தாள் புகைப்படத்தை உருப்பெருக்கியில் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அச்சகத்தார் ஹாஃப்டோன் பிளாக் என்று சொன்னதும் இதே முறைதான்.

ஆகவே என் பரிந்துரை: பிக்சலுக்குப் ‘படவணு’, டாட்டுக்கு ‘அச்சுப்புள்ளி’. பிக்சல் என்ற சொல்லே படக்கூறு என்னும் பொருளுள்ள ஆங்கிலத் தொடரைச் சுருக்கியது. 1965-இல் ஃபிரெடரிக் பில்லிங்ஸ்லியின் கட்டுரைகளில் அச்சேறியது. படம், அணு என்ற சேர்க்கை அந்தப் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ‘படப்புள்ளி’யும் புழக்கத்தில் இருக்கிறது என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். ஆனால் இரண்டு சொல்லும் புள்ளி என்றே முடிந்தால், அவசரத்தில் படிப்பவர் முன்பாதியை விட்டுவிடுவார். ஹாஃப்டோனை ‘அரைத்தொனி’ என்பது எனக்குச் சம்மதமில்லை. தொனி என்றால் நம் காதுக்கு ஒலிதான். ‘புள்ளிச்சாயல்’ என்றால் புள்ளியால் சாயல் வருகிறது என்பது சொல்லிலேயே தெரிகிறது.

அடுத்தது ரெசல்யூஷன். ‘தெளிவுத்திறன்’ பல மென்பொருள்களில் வந்துவிட்டது. ஆனாலும் அது ஒரு தவறான நம்பிக்கையைக் கொடுக்கிறது. எண்ணைக் கூட்டினால் தெளிவு கூடும் என்று நினைத்து எல்லாவற்றையும் அங்குலத்துக்கு 600-இல் ஸ்கேன் செய்கிறார்கள். ஏ4 தாள் 300-இல் 2480-க்கு 3508 படவணு. வண்ணத்தில், சுருக்காமல், சுமார் 26 எம்பி. 600-இல் அது நான்கு மடங்கு, 100 எம்பியைத் தாண்டும். மங்கிப்போன ரசீது அதனால் தெளிவாகிவிடாது. அலுவலக வைஃபை திணறுவதுதான் மிச்சம். அருகருகே இருக்கும் இரண்டைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும் ஆற்றல் என்ற பொருளில் இயற்பியலில் ‘பிரிதிறன்’ ஏற்கெனவே இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

டிபிஐ, பிபிஐ இரண்டையும் ஒலிபெயர்ப்பாகவே விடலாம், பொறியின் திரையில் அப்படித்தான் வருகிறது. விளக்கத்தில் மட்டும் ‘அங்குலத்துக்கு 600 அச்சுப்புள்ளி’, ‘அங்குலத்துக்கு 300 படவணு’ என்று விரித்து எழுதுவோம். எடுத்துக்காட்டாக, 3.5-க்கு 4.5 செ.மீ. பாஸ்போர்ட் படத்துக்கு அங்குலத்துக்கு 300 என்றால் 413-க்கு 531 படவணு வேண்டும். இந்த ஒரு வரியைக் கையேட்டில் சேர்த்தால் நிறையப் பேருக்கு உதவும்.

எனக்கு இன்னும் சொல் அமையாதது அந்த 8-க்கு 8 கட்டத்துக்குத்தான். ‘சாயற்கட்டம்’ என்று எழுதிப் பார்த்தேன். இலக்கணம் சரி, ஆனால் வாசிக்கச் சற்று இறுக்கமாக இருக்கிறது. ‘சாயல் கட்டம்’ என்று பிரித்தே எழுதலாமா? அச்சகத்தில் வேலை பார்த்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், நீங்கள் அதை வாயில் எப்படிச் சொல்வீர்கள் என்று எழுதுங்கள்.

அன்புடன்.