போக்குச்சுட்டியும் பயன்சுட்டியும் வேறுவேறு

வணக்கம். உடலின் நிலையை, நோயை அளந்து காட்டும் பொருளான பயோமார்க்கருக்குத் தமிழில் 'உயிர்க்குறி' போதும் என்று ஐயா எழுதியிருந்தீர்கள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் போன்றவற்றை ஏற்கெனவே உயிர்க்குறிகள் என்கிறோமே, இரண்டும் ஒரே வார்டில் வந்து மோதும். 'உயிர்ச்சுட்டி' என்று வைப்போம், புரதமாக இருந்தால் புரதச்சுட்டி. கணினி மவுஸும் சுட்டிதான், ஆனால் ஆபரேஷன் பேச்சில் அது யாரையும் குழப்பாது.

எனக்குப் பெரிய கவலை அடுத்த படியில்தான். உணவுக்குழாய்ப் புற்றுக்கு அறுவை முடிந்தவர்களிடம் பார்க்கும் புரதங்களில் புரோக்னாஸ்டிக், பிரெடிக்டிவ் என்று இரண்டு வகை உண்டு. தமிழில் எழுதும்போது இரண்டையும் 'முன்கணிப்பு' என்றே போட்டுவிடுகிறார்கள். இது ஆபத்து. முதலாவது, எந்தச் சிகிச்சை கொடுத்தாலும் நோய் எந்தப் பக்கம் போகும் என்று காட்டுவது. மற்றது, குறிப்பிட்ட ஒரு மருந்தால் இந்த நோயாளிக்குப் பயன் உண்டா என்று காட்டுவது.

இங்கே கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கம் (பாலக்காட்டுச் சித்தூர்) ரிப்போர்ட் இங்கிலீஷில் வரும், டாக்டர் மலையாளத்தில் 'அன்னநாளம்' என்பார், அது எல்லோருக்கும் புரியும். ஆனால் வீட்டார் "இனி எப்படிப் போகும்?", "மருந்து கேக்குமா?" என்று தமிழில்தான் கேட்கிறார்கள். பிரிவு அவர்கள் கேள்வியிலேயே இருக்கிறது. அதனால்தான் புரோக்னாஸ்டிக்குக்குப் போக்குச்சுட்டி, பிரெடிக்டிவுக்குப் பயன்சுட்டி என்கிறேன். 'கேட்புச்சுட்டி'யும் யோசித்தேன், கேட்புக் காசோலை நினைவுக்கு வந்ததால் விட்டுவிட்டேன்.

சில புற்றணுக்களின் மேற்பரப்பில் மிகுந்திருக்கும் ஹெர்2 புரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2010இல் வெளிவந்த டோகா என்ற மருந்து ஆய்வில், ஹெர்2 மிகுந்த, முற்றிய இரைப்பைப் புற்றிலும் இரைப்பையும் உணவுக்குழாயும் சேரும் இடத்துப் புற்றிலும் கீமோவோடு ஹெர்2வைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்த்தபோது நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்ந்தார்கள். ஆக அது பயன்சுட்டி. அழற்சி வந்தால் ரத்தத்தில் ஏறும் சி.ஆர்.பி. புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டி, ரத்தத்தின் ஆல்புமின் புரதம் 35 கிராமுக்குக் கீழே இருந்தால் போக்கு மோசம் என்று புற்றுநோயாளிகளுக்கான கிளாஸ்கோ மதிப்பெண் சொல்கிறதே, அவை போக்குச்சுட்டிகள்.

அதே சி.ஆர்.பி.யை அறுவைக்குப் பின் நாள்தோறும் பார்ப்பது வேறு காரியம். ஆபரேஷன் ஆன எல்லோருக்கும் அது ஏறும், இரண்டு மூன்று நாளில் உச்சம் தொட்டு இறங்க வேண்டும், இறங்காமல் நின்றால் உணவுக்குழாயை வெட்டிய இடத்துக்கு இரைப்பையை மேலே இழுத்துத் தைத்த இணைப்பில் கசிவா, வேறு தொற்றா என்று தேடுவார்கள். இதற்குச் 'சிக்கற்சுட்டி' என்று தனிச்சொல் வேண்டும் என்பது என் கருத்து. ஒரே புரதம் இரண்டு பட்டியலில் வந்தால் வரட்டும், செய்யும் வேலையைப் பார்த்துத்தானே பெயர் வைக்கிறோம். சிக்கற்சுட்டி வாயில் நுழையவில்லை என்றால் வேறு ஒன்று சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.