சதுரங்க ராஜா–யானை முடிவாட்ட டேபிள்பேஸில் தவறான டிரா: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. தனி ராஜாவுக்கு எதிராக ராஜாவும் யானையும். இதற்கு பைத்தானில் டேபிள்பேஸ் (ஒவ்வொரு நிலைக்கும் வெற்றியா டிராவா என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைக்கும் அட்டவணை) எழுதி மூன்று வாரமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். வெள்ளை ஜெயிக்க வேண்டிய சில நிலைகள் டிரா என்று வருகின்றன.

சமச்சீரில் மடக்கியபின் (பலகையைத் திருப்பினாலோ கண்ணாடியில் காட்டினாலோ ஒன்றாகிவிடும் அமைப்புகளை ஒன்றாகவே எண்ணினால்) இரண்டு ராஜாக்களுக்கு 462 அமைப்புகள், யானைக்கு 64 கட்டங்கள். ஆக வெள்ளை முறைக்கும் கறுப்பு முறைக்கும் அட்டவணையில் தலா 29,568 நிலை எண்கள். எண்ணிக்கை சரிதான். காய் நகர்த்தும் பகுதியைக் கையால் சோதித்தேன், செக்மேட் நிலைகளிலிருந்து பின்னோக்கிப் போகும் அலசலை இருமுறை முதலிலிருந்து ஓட்டினேன். அப்புறம்தான் கவனித்தேன்: தவறுகள் எல்லாமே இரண்டு ராஜாக்களும் ஏ1–ஹெச்8 மூலைவிட்டத்தில் நிற்கும்போதுதான். வெள்ளை ராஜா பி2, கறுப்பு ராஜா ஈ5, யானை ஹெச்1 என்றால் வெற்றி. அதன் கண்ணாடிப் பிம்பமான ஏ8-இல் யானை நின்றால் டிரா!

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன், நேரிலும் காட்ட முடியும். இந்த நிலைகளில் யானையையும் மூலைவிட்டத்துக்குக் கீழே மடக்க வேண்டுமா, நிலை, அதன் பிம்பம் ஆகிய இரண்டின் எண்களிலும் விடையை எழுதினாலே போதுமா?