ஆய்வுக்கு நடுவே மூன்று மாத இன்டர்ன்ஷிப், போகலாமா?

கேள்வி: முனைவர் பட்டத்தில் இரண்டாம் ஆண்டு, துறை வேதியியல். பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் ஆய்வுகளில் சமத்துவமும் எல்லோரையும் உள்ளடக்குவதும் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் இன்டர்ன்ஷிப் ஒன்று கிடைத்திருக்கிறது. உண்மையில் அங்கே என்ன வேலை இருக்கும்? ஆய்வேடு தள்ளிப்போகுமோ என்று பயமாகவும் இருக்கிறது.

பதில் 1: நான் செய்தேன். பாதி நேரம் பழைய ஒப்பந்தங்களைப் படிப்பதுதான்: பணம் யார் கையில், தரவு யாரிடம் தங்குகிறது, கட்டுரையில் முதல் பெயர் யாருக்கு, களத்தில் அலைந்தவர் பெயர் நன்றியுரையோடு நின்றுவிட்டதா என்று. சலிப்பாகத் தெரியும், ஆனால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆய்வுக் கூட்டணிகளில் நியாயம் பற்றிய கேப்டவுன் அறிக்கையை முதலில் படித்துவிடுங்கள்.

பதில் 2: உதவித்தொகையும் சமர்ப்பிக்கும் தேதியும் அந்த மூன்று மாதத்துக்கு நீட்டிக்கப்படுமா? எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழியை நம்பி நான் பட்டது போதும்.

பதில் 3: ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆய்வு நிதித் திட்டமான ஹொரைசன் ஐரோப்பாவில் நிதி பெற, 2022 முதல் ஒன்றிய நாடுகளிலும் அத்திட்டத்தில் இணைந்த நாடுகளிலும் உள்ள பல்கலைக்கழகங்கள் பாலினச் சமத்துவத் திட்டம் வைத்திருக்க வேண்டும். சில இடங்களில் அது வலைத்தளத்தில் தூங்கும் பிடிஎஃப் மட்டும்தான் (கோபம் வருகிறது). அந்த மாதிரி ஒன்றை எழுதத்தான் கூப்பிடுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கேட்டவர்: சரி, முதலில் நெறியாளரிடம் பேசிவிட்டு வருகிறேன்.